25 சென்ட் நெல்: மேலூர்ப் பக்கம் ஒரு மாணவி விவசாயம் கற்ற விதம் – ஒரு நிகழ்வு ஆய்வு

மதுரை மாவட்டம் மேலூர் வட்டாரத்தில் கண்மாய்த் தண்ணீரை நம்பியிருக்கும் ஒரு கிராமத்திலிருந்து அரசு மேல்நிலைப் பள்ளிக்கு வந்து, 11-ஆம் வகுப்பில் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவில் சேர்ந்த மாணவியைப் பற்றியது இந்த ஆய்வு. அந்தப் பிரிவின் ஆசிரியராக இரண்டு ஆண்டுகள் அவளைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். வீட்டிலும் வயலிலும் அவளுடைய அம்மா, அப்பா, அப்பத்தா மூவரிடமும் பேசியிருக்கிறேன். அவர்கள் சம்மதித்த பிறகுதான் எழுதுகிறேன். பெயரும் ஊரும் வேண்டாம் என்றார்கள், அதனால் விட்டுவிட்டேன்.

இதை எழுதத் தூண்டியது ஒரு கேள்வி. பதினைந்து வயதுக்குள் வயல் வேலை முக்கால்வாசி பழகிவிட்ட ஒரு பிள்ளை, விவசாயம் தெரியாமல் இருக்க முடியுமா? முடியும் என்பதை இவள் விஷயத்தில் பார்த்தேன். அது மாறியதையும் பார்த்தேன். பிள்ளைகளை வயலுக்குக் கூட்டிப்போகும் பெற்றோரும், செயல்முறைப் பாடம் நடத்தும் ஆசிரியர்களும் இதைப் படிக்க வேண்டும் என்று உண்மையாகவே ஆசைப்படுகிறேன்.

குடும்பம், நிலம், தண்ணீர்

கண்மாய்க்குக் கீழே ஒன்றரை ஏக்கர் நஞ்சை, மேட்டில் ஒரு ஏக்கர் புஞ்சை. நஞ்சையில் வருஷத்துக்கு ஒரு நெல். புஞ்சையில் மழை பெய்தால் கடலை. இரண்டு கறவை மாடு, கொஞ்சம் ஆடு. அண்ணன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலைக்குப் போய்விட்டான். அம்மா சொந்த வயலிலும் உழைக்கிறார், ஊர் நடவுக்கும் களையெடுப்புக்கும் ஆட்கள் குழுவோடு கூலிக்கும் போகிறார். நிலம் இன்னும் தாத்தா பெயரில் இருக்கிறது. தாத்தா காலமாகிவிட்டார்.

மேலூர்ப் பகுதியின் தண்ணீர்க் கதையைச் சொல்லாமல் இந்தக் குடும்பத்தின் விவசாயம் புரியாது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை வந்த பிறகு, மேற்கே ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக வைகைப் பக்கம் திரும்பியது. வைகை அணை, பேரணை, பெரியாறு பிரதானக் கால்வாய் என்று அது வரும் வழியில் கள்ளந்திரி வரைக்கும் உள்ள 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியின் 85,563 ஏக்கர் ஒருபோகம். இருபோகத்துக்காரர்கள் முதல் நெல்லை அறுக்கும் நேரத்தில்தான் மேலூர்க்காரர்கள் கால்வாயை எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள். அணைகளில் இருப்பு போதுமான அளவு இருந்தால் செப்டம்பர் வாக்கில் திறப்பார்கள். இல்லையென்றால் தள்ளிப்போகும். திறந்தாலும் கால்வாயிலிருந்து கண்மாய், கண்மாயிலிருந்து மடை, மடையிலிருந்து வாய்க்கால் என்று இறங்கி வர வேண்டும். இவர்கள் வயல் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. கடைமடையில் நிலம் வைத்திருப்பவருக்கு, தண்ணீர் தெரியாவிட்டால் வேறு எது தெரிந்தும் பிரயோஜனமில்லை.

ஏட்டில் விட்டுப்போன கட்டம்

11-ஆம் வகுப்பில் ஒவ்வொரு மாணவரும் ஒரு பயிரைப் பற்றிச் செய்முறை ஏடு எழுத வேண்டும் என்று வைத்திருந்தோம். இவள் வீட்டு நெல்லை எடுத்துக்கொண்டாள். நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு பற்றி அவள் எழுதியிருந்த பக்கங்கள் பாடப்புத்தகத்தை விட நன்றாக இருந்தன. நாற்றை இரண்டு கையாலும் அடியோடு சேர்த்துப் பறித்து, காலில் தட்டி மண்ணை அலசி, கட்டாக முடி போடுவது. நடும்போது விரலால் எவ்வளவு ஆழம் அழுத்தினால் தூர் கட்டும் (அடியிலிருந்து கிளைகள் விடும்), எவ்வளவு ஆழத்தில் புதைந்து நின்றுவிடும் என்பது. எல்லாம் கைப்பட்ட எழுத்து.

ஆனால் நீர்ப்பாசனம் என்ற கட்டம் காலி. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எவ்வளவு உயரம் தண்ணீர், யார் முடிவு செய்கிறார்கள், ஒன்றுமில்லை. உரம் என்ற இடத்தில் "அப்பா போடுவார்" என்று எழுதியிருந்தாள். ரகம் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது என்ற கேள்விக்கு, "அப்பா வாங்கி வந்தார்." விற்பனை விலைக்குக் கோடு.

அவளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. ஒன்பது வயதில் ஆடு மேய்க்கப் போனவள். பன்னிரண்டில் நாற்றுப் பறித்தவள். அடுத்த வருஷமே அம்மாவுடன் நடவு வரிசையில் நின்றவள். குனிந்து செய்கிற வேலை எல்லாம் அவளுக்கு வந்திருக்கிறது. நிமிர்ந்து நின்று "இன்னைக்கு இது வேணும், இது வேணாம்" என்று சொல்கிற வேலை ஒன்றுகூட வரவில்லை. அதே வகுப்பில் ஒரு பையன் ஏட்டில் இதற்கு நேர் எதிர்: தண்ணீர், உழவு, டிராக்டர் வாடகை எல்லாம் விவரமாக இருந்தது, நாற்றங்கால் பக்கம் வெறுமை. "அதெல்லாம் அம்மா பாக்கும் சார்" என்றான். வீட்டு வயலில் வளரும் பிள்ளைகள் பாதி விவசாயத்தோடுதான் வளர்கிறார்கள். பையன்களுக்குக் கிடைக்கும் பாதியில் முடிவுகள் இருக்கின்றன, பெண் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் பாதியில் அவை இல்லை. இவள் விஷயத்தில் நான் கவனித்த முக்கியமான விஷயம் இதுதான்.

அதற்காகப் பெண்கள் செய்கிற வேலையில் அறிவு இல்லை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு நாள் அப்பத்தா களையெடுப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இளம் பருவத்தில் குதிரைவாலிப் புல்லும் நெல்லும் பார்வைக்கு ஒன்று போலத்தான் இருக்கும். நெல்லில் இலை தண்டோடு சேருகிற இடத்தில் மெல்லிய சவ்வு ஒன்று நாக்கு மாதிரி நிற்கும். குதிரைவாலியில் அது கிடையாது. நாங்கள் வகுப்பில் படம் போட்டுச் சொல்வதை அவர் விரல் தடவிச் சொல்கிறார். குனிந்த தலை நிமிராமல் புல்லை மட்டும் கை தனியாகப் பிரித்தெடுக்கிறது. பேத்திக்கும் அந்த விரல் வந்திருக்கிறது. ஆனால் களை எப்போது எடுப்பது, எத்தனை ஆள் விடுவது என்பதை இருவரிடமும் யாரும் கேட்டதில்லை.

25 சென்ட் கேட்டது

காலிக் கட்டங்களைக் காட்டி, "இதை நிரப்ப என்ன செய்யலாம்?" என்று கேட்டேன். அவளே ஒரு வழி சொன்னாள். ஒன்றரை ஏக்கரில் வாய்க்கால் ஓரமாகத் தனி வரப்புக்குள் இருக்கும் 25 சென்ட் வயலை ஒரு பருவத்துக்குத் தன் பொறுப்பில் விடச் சொல்லி அப்பாவிடம் கேட்பதாக. கேட்டாள். அவர் மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூடப் பேச இடம் இருந்திருக்கும். "எடுத்துக்க தாயி, உன் வயலுன்னே வச்சுக்க. தண்ணி நான் கட்டிவிடுறேன், மருந்து நான் அடிச்சுவிடுறேன், நீ நோட்டுல எழுதிக்க" என்றார். பாசத்தோடு சொன்னதுதான். ஆனால் அப்படி விட்டிருந்தால் அந்த ஏடு மறுபடியும் பழைய ஏடாகத்தான் ஆகியிருக்கும்.

அப்பத்தாதான் இடையில் வந்தார். "அவ நோட்டு எழுதவா கேட்டா? வெள்ளாமையக் கேட்டா. குடுக்குறதுன்னா குடு, இல்லைன்னா இல்லைன்னு சொல்லு." தம் பெரியம்மா ஒருவர், கணவர் ரங்கூன் போயிருந்தபோது, தனியாளாகத் தண்ணீர் கட்டி விளைய வைத்த கதையையும் சொன்னாராம். அப்பா கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: முடிவு அவளுடையது, ஆனால் முடிவை முந்தின நாளே அவரிடம் சொல்லிவிட வேண்டும். இது நல்ல நிபந்தனை. முந்தின நாளே சொல்ல வேண்டுமென்றால் முந்தின நாளே யோசிக்க வேண்டுமே.

ரகம் கோ 51. 105 முதல் 110 நாளில் வருவது. தண்ணீர் தாமதமாகத் திறந்த வருஷம், நீண்ட நாள் ரகம் போட்டால் கடைசியில் கதிர் பால் பிடிக்கும் நேரத்தில் கண்மாய் வற்றிவிடும் என்று அவள் கணக்குப் போட்டாள். அப்பா மற்ற வயலுக்கும் அதையே வாங்கினார். 25 சென்ட்டுக்கு 6 கிலோ விதை, 2 சென்ட் நாற்றங்கால். விதை நேர்த்தி அப்பத்தா முறை: உப்புக் கரைசலில் முட்டை மிதந்து மேலே நாலணாக் காசு அகலம் தெரிகிற பதம். அதில் விதையைக் கொட்டினால் பதரும் கருக்காயும் மேலே வரும். வடித்துவிட்டு, அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசி ஊறவைத்து, சாக்கில் கட்டி வைக்கோல் மூடி முளைகட்டினார்கள். புரட்டாசிக் கடைசியில் விதைத்தார்கள். ஐப்பசி முடிவதற்குள் நடவு.

தண்ணீர் கட்டப் பழகியது

இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டும். நெல் விவசாயத்தில் இளையவர்களுக்குக் கற்றுக்கொடுக்க மிகக் கஷ்டமானது இதுதான். புத்தகத்தில் ஒரு வரியில் முடிந்துவிடுகிறது: நட்ட புதிதில் 2 செ.மீ., பிறகு 5 செ.மீ. கட்டி, தேங்கிய தண்ணீர் மறைந்த மறுநாள் மறுபடி கட்டு. வயலில் அந்த 5 செ.மீ. எங்கே இருக்கிறது?

முதல் தடவை அவள் மடை வாயருகே அளந்தாள். நிறைய இருந்தது. அடைத்துவிட்டாள். மறுநாள் தென்கிழக்கு மூலை வெடிக்கத் தயாராக இருந்தது. அப்பா அப்போதுதான் சொன்னார்: "வாயிக்காலுக்குப் பக்கத்துல பாக்காத. வயலுக்கு ஒரு மேட்டு மூலை இருக்கும், அங்க போய் நில்லு. அந்த மூலை குடிச்சிருச்சுன்னா வயலு குடிச்சிருச்சு." முந்தின நாளே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். "கேக்கட்டும்னு இருந்தேன் சார்" என்றார். கற்றுக்கொடுக்கத் தெரிந்த மனிதர் அவர். தெரியும் என்பதே அதுவரை அவருக்குத் தெரியாது.

அப்புறம் வரப்பு. நண்டு வளையும் எலி வளையும் இருந்தால் கட்டிய தண்ணீர் ராவோடு ராவாகப் பக்கத்து வயலுக்குப் போய்விடும். வெளியே பார்த்தால் தெரியாது. தண்ணீருக்குள் வரப்பை ஒட்டி வெறுங்காலோடு நடந்தால், இழுக்கிற இடம் காலுக்குத் தெரியும். அங்கே மண்ணை மிதித்து, வைக்கோலும் சேறும் வைத்து அடைக்க வேண்டும். மம்பட்டியில் சேற்றை வெட்டும்போது ஒரே வெட்டில் தூக்கக் கூடாது, வெட்டிச் சற்று இழுத்து, பிறகு தூக்க வேண்டும். இல்லாவிட்டால் இடுப்பு போய்விடும். இதை ஒரு வாரம் பழகினாள்.

முறை வைத்துத் தண்ணீர் விடத் தொடங்கியபோதுதான் உண்மையான பாடம் வந்தது. இந்த ஊரில் யார் வயலுக்கு எப்போது முறை என்பதை நீர்ப்பாய்ச்சி சொல்வார். அறுவடையில் அவருக்கு நெல் கொடுப்பார்கள். கடைமடைக்கு முறை பெரும்பாலும் இரவில் விழும். பெண் பிள்ளை ராத்திரி வயலில் நிற்பதா என்று வீட்டில் பேச்சு வந்தது. அம்மா கூடப் போவதென்று முடிவானது. அப்பாவும் போய் வரப்பில் உட்கார்ந்துகொண்டார்.

அன்று நடந்ததை அம்மா எனக்குச் சொன்னார். வாய்க்காலில் தண்ணீர் மெலிந்து வந்திருக்கிறது. மேலே நடந்து போய்ப் பார்த்தால், உறவில் சித்தப்பா முறை ஆகும் ஒருவர் தன் வயலுக்குப் பாதித் தண்ணீரைத் திருப்பிவிட்டிருக்கிறார். இவள் போய், "சித்தப்பா, எங்க முறை ஓடுது. மடைய அடைச்சிருங்க" என்றாள். அவர், "உங்கப்பன் எங்க?" என்று கேட்டார். "அப்பா வரப்புல இருக்காரு. இன்னைக்கு முறை எனக்கு" என்று சொல்லியிருக்கிறாள். அப்பா எழுந்து வரவில்லை. அம்மாவும் வாய் திறக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவர் அடைத்தார்.

நான் இந்த ஆய்வில் ஒரே ஒரு நிகழ்ச்சியைத்தான் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் இதைத்தான் வைப்பேன். தண்ணீர் கட்டுவது என்பது மம்பட்டி வேலை மட்டும் கிடையாது. தன் முறையைக் கேட்டு வாங்கத் தெரிய வேண்டும். சண்டையில்லாமல் கேட்க வேண்டும், ஏனென்றால் நாளைக்கும் அதே வாய்க்கால், அதே சித்தப்பா. எந்தப் பாடத்திட்டத்திலும் இது இல்லை. அந்த நேரத்தில் அப்பா எழுந்து வந்திருந்தால் தண்ணீர் வந்திருக்கும், பாடம் போயிருக்கும்.

ஆனைக்கொம்பன்

கார்த்திகையில் விடாத மேகமூட்டமும் தூறலும். மதுரைப் பக்கத்து நெல்லுக்கு அது ஆனைக்கொம்பன் ஈயின் காலம். இந்த ஈயின் புழு தூரின் குருத்துக்குள் போய்த் தின்னும்போது, அந்தக் குருத்து இலையாக விரியாமல் வெங்காயத்தாள் போல வெள்ளையாய்க் குழலாக நீளும். வெள்ளித்தண்டு என்பார்கள். அந்தத் தூரில் கதிர் வராது.

அவள் வயலில் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் பள்ளிக்குக் கொண்டுவந்தாள். முதலில் தண்டுத்துளைப்பானிலிருந்து இதைப் பிரித்துப் பார்க்கச் சொன்னேன். துளைப்பான் தின்ற தூரில் நடுக்குருத்து காய்ந்து பழுப்பாகும், இழுத்தால் கையோடு வரும். இது குழல், காயவில்லை. சரி, ஆனைக்கொம்பன்தான். அடுத்தது எண்ணிக்கை. நூற்றுக்குப் பத்துத் தூர் வெள்ளித்தண்டாக இருந்தால்தான் மருந்து பற்றி யோசிக்க வேண்டும் என்பது பரிந்துரை. வயலில் குறுக்கு மறுக்காக நடந்து அங்கங்கே குத்துகளைப் பிரித்துத் தூர்களை எண்ணினாள். நூற்றுக்கு ஆறு, ஏழு என்று வந்தது.

இதற்குள் அப்பா உரக்கடைக்குப் போய்விட்டு வந்திருந்தார். இரண்டு மருந்தைக் கலந்து அடிக்கவும், பயிர் தெளிய யூரியா தூக்கிப் போடவும் கடையில் சொல்லியிருக்கிறார்கள். இங்கே எல்லா ஊரிலும் நடப்பது இதுதான். விவசாயி போய் நின்றால் காது கொடுத்துக் கேட்கிற ஒரே இடமாகக் கடை இருக்கிறது. ஆனால் விற்கிறவரே வைத்தியராகவும் இருந்தால் மருந்து குறையுமா? எனக்கு இதில் ஆழமான வருத்தம் உண்டு.

அவள் முந்தின நாள் விதிப்படி தன் முடிவைச் சொன்னாள்: மருந்து வேண்டாம், யூரியாவும் இப்போது வேண்டாம். காரணங்களையும் சொன்னாள். வெள்ளித்தண்டு வெளியே தெரிந்துவிட்டால் அந்தத் தூர் போனதுதான், மருந்து அதை மீட்காது. தூர் கட்டும் பருவம் தாண்டிவிட்டால் ஆனைக்கொம்பனால் புதிதாக ஒன்றும் செய்ய முடியாது. தழைச்சத்து அதிகமாகிப் பயிர் கொழுத்தால் பூச்சிக்குத்தான் கொண்டாட்டம். புழுவைத் தின்று அழிக்கும் சிறு குளவிகள் வயலில் இருக்கின்றன, மருந்து முதலில் அவற்றைத்தான் கொல்லும். யூரியாவுக்கு, இலையின் பச்சையை எண் போட்ட நிறப் பட்டைகளோடு ஒப்பிட நாங்கள் கொடுத்திருந்த இலை வண்ண அட்டையை வாராவாரம் வைத்துப் பார்த்து, மேலிருந்து முழுதாக விரிந்த முதல் இலை நிறம் 4-க்குக் கீழே போனால் மட்டும் போடுவதாகச் சொன்னாள்.

அப்பா தன் வயலுக்கு அடித்தார். அவள் வயலுக்கு அடிக்கவில்லை. நாலு நாள் வீட்டில் சரியான பேச்சில்லை என்று அம்மா சொன்னார். பக்கத்து வயல்காரர்கள் வேறு, "புள்ள பேச்சக் கேட்டு வெள்ளாமைய விடுறியே" என்று கிளப்பிவிட்டிருக்கிறார்கள். அவர் உள்ளே குமைந்தாலும் தெளிப்பானைத் தூக்கிக்கொண்டு அந்த வரப்பைத் தாண்டவில்லை.

தை கடைசியில் செயின் வண்டி (அறுவடை இயந்திரம்) வைத்து அறுத்தார்கள். 25 சென்ட்டின் விளைச்சலும் மற்ற வயலின் விளைச்சலும் ஏறக்குறைய ஒன்றுதான், அவளுடையது சற்றுக் குறைவாகக்கூட இருக்கலாம். பெரிய வெற்றி என்று சொல்ல மாட்டேன். செலவில் ஒரு மருந்தடிப்பும் ஒரு தடவை யூரியாவும் குறைந்திருந்தன. நெல்லை நேரடிக் கொள்முதல் நிலையத்தில் போட்டார்கள். அங்கே 40 கிலோ மூட்டை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பனியில் ஈரம் ஏறியதால் களத்தில் காயப்போட்டுக் கிளறி, ராத்திரி தார்ப்பாய் மூடிக் காத்துக் கிடந்தார்கள். சிட்டா, அடங்கல் வாங்கக் கிராம நிர்வாக அலுவலரிடம் போனது அவள்தான்.

கணக்கு எழுதியபோது

அப்பாவிடம் இருந்த கணக்கு வெளியே போன பணம் மட்டும்: உழவு, விதை, உரம், மருந்து, நடவுக் கூலி, அறுப்பு வண்டி வாடகை. இவள் ஏட்டில் வீட்டு ஆள் உழைப்பு என்று ஒரு பத்தி இருந்தது. அதில் அம்மாவின் நாட்களையும் அப்பத்தாவின் நாட்களையும் ஊர்க் கூலி விகிதத்தில் எழுதினாள். கூட்டிப் பார்த்தபோது, லாபம் என்று நினைத்திருந்ததில் பெரும் பகுதி அந்த இருவரின் கொடுக்கப்படாத கூலி. அம்மா அந்தப் பக்கத்தை வாங்கி வெகுநேரம் பார்த்தார். "இம்புட்டு நாளா நான் இதுல வேலை பாத்திருக்கேன்?" என்றார். அப்பா, "அப்ப விவசாயத்துல ஒண்ணும் நிக்கலைன்னு சொல்லு" என்றார். நிற்கத்தான் இல்லை. அண்ணன் ஏன் திருப்பூருக்குப் போனான் என்பதற்கு அந்த ஒரு பக்கமே போதும். ஒரு பிள்ளைக்கு விவசாயம் கற்றுக்கொடுக்கும்போது இந்தக் கணக்கை மறைத்துக் கொடுப்பது நியாயமில்லை என்று நினைக்கிறேன். மண்வாசனை பேசியே பிள்ளைகளை நிலத்தில் நிறுத்திவிடலாம் என்று நம்புகிறவர்கள் ஒரு பருவத்துக்காவது முழுக் கணக்கு எழுதிப் பார்க்க வேண்டும்.

தொடக் கூடாதவை

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டப்படி 14 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம், அதுவும் ஆபத்தில்லாத வேலையில் மட்டும். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் ஈடுபடுத்தக் கூடாது. முடிவு அவளுடையது என்றாலும் மூன்றை முதலிலேயே விலக்கி வைத்தோம். தெளிப்பான் தோளில் ஏறக் கூடாது, மருந்து கலக்கவும் கூடாது. டிராக்டர் 18 வயதாகி உரிமம் வாங்கிய பிறகு. ஈரக் கையோடு மோட்டார் பெட்டிப் பக்கம் போகக் கூடாது. மருந்து விஷயத்தில் அப்பா உடனே ஒத்துக்கொண்டார். மூத்தவன் பதினாறு வயதில் காற்றுக்கு எதிராக நின்று அடித்து, வாந்தியும் கண்ணெரிச்சலுமாக ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான்.

இரவு முறைக்குப் பாம்புதான் பயம். கட்டுவிரியன் இரவில் திரியும். கடித்த இடம் பல சமயம் வலிக்கவே வலிக்காது, அதனாலேயே ஆள் போய்விடுகிறது. முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், நல்ல டார்ச், கையில் கம்பு. வரப்புக் கசிவைக் காலால் தேடுகிற வேலை பகலில் மட்டும். கடித்தால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு இறுக்கிக் கட்டுவது ஒன்றும் வேண்டாம், நேரே அரசு மருத்துவமனை. இதைக் குடும்பத்தில் எல்லோரிடமும் சொன்னோம்.

படிப்புக்கு இடைஞ்சல் வந்தது உண்மை. முறை விழுந்த மறுநாள் வகுப்பில் தூங்கினாள். மற்ற ஆசிரியர்கள் என்னிடம் கோபப்பட்டார்கள். அவர்கள் கோபம் சரியானது. தேர்வுக்கு முந்தின இரவு முறை வந்தால் அம்மா போய்விடுவது என்று பேசிக்கொண்டார்கள். அம்மாவும் அப்படித்தான் தண்ணீர் கட்டப் பழகினார்.

இரண்டாம் வருஷமும் அதற்குப் பிறகும்

12-ஆம் வகுப்பில் அவள் பொறுப்பு ஒரு ஏக்கருக்கு விரிந்தது. அரையாண்டுத் தேர்வும் பொதுத்தேர்வும் நெருக்கியதால் அந்த வருஷம் ஏடு அவ்வளவு ஒழுங்காக இல்லை. ஆனால் அப்பாவிடம் ஒரு மாற்றம் வந்திருந்தது. மருந்துக்குக் கடைக்குப் போகுமுன் மகளிடம், "எண்ணிப் பாத்தியா?" என்று கேட்க ஆரம்பித்திருந்தார். அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வேளாண் பட்டப்படிப்புக்கு விண்ணப்பித்தாள். இடம் கிடைக்கவில்லை. இப்போது மதுரையில் வேறு ஒரு பட்டப்படிப்பு படிக்கிறாள். வாரக் கடைசியில் வயல். நடுவில் விழும் முறையை அம்மாவும் அப்பாவும் மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள்.

தீராமல் நிற்பது பட்டா. நிலம் தாத்தா பெயரில் இருப்பதால் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அலைச்சல். ஒரு நாள் அவள் வீட்டில் கேட்டிருக்கிறாள்: "பட்டா மாத்துனா என் பேரு வருமா?" அம்மா, "அதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றார். தமிழ்நாட்டில் 1989-லேயே, அப்போது கல்யாணமாகாத மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை கொடுத்துவிட்டார்கள். 2005-இல் நாடு முழுவதுக்கும் அது வந்தது. அவள் அதைச் சொன்னபோது அப்பா, "என் அக்கா தங்கச்சியே இதுவரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லை" என்றாராம். அவர் வருத்தப்பட்டுச் சொன்னாரா, கோபத்தில் சொன்னாரா என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் சொன்ன வாயாலேயே விஷயம் தெளிவானது. தாத்தாவின் வாரிசுகள் என்றால் அப்பா மட்டுமில்லை, அப்பத்தாவும் இரண்டு அத்தைகளும் சேர்த்துத்தான். அத்தைகள் இருவரும் கல்யாணமாகிப் போகும் வரை இதே வயலில் நடவு நட்டவர்கள். வாரிசுச் சான்றுக்கான விண்ணப்பத்தை இ-சேவை மையத்தில் போய்ப் பதிந்தது அவள்தான். அப்பத்தா பெயருக்குக் கீழே அப்பா, அத்தைகள் மூவர் பெயரையும் வயது வரிசைப்படி சேர்த்தாள். அப்பா படித்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார். விண்ணப்பம் இப்போது தாசில்தார் அலுவலகத்தில் இருக்கிறது. சான்று வந்த பிறகு, சித்திரையில் அண்ணன் ஊருக்கு வரும்போது, அத்தைகளையும் வரச்சொல்லி உட்கார்ந்து பேசுவதாக இருக்கிறார்கள்.